கரையான் படித்த கடிதங்கள்

ஆண்டவர் தீர்ப்பு வழங்க வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, முத்திரையக்கா கழிவறையில் இருந்தாள். பத்தொன்பது வருஷம் அந்த ஜெபக்கூடத்தில் வேலை பார்த்தவள். பெரிய போதகரின் மூன்று மணி நேரப் பிரசங்கத்தில் எந்த இடத்தில் எழுந்து போனால் யார் கண்ணிலும் படாது என்பது அவளுக்கு அத்துப்படி. அவர் கண்ணை மூடி அழத் தொடங்கும் இடம் அது. அழுது முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் பிடிக்கும். போய், முகம் கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாலும் இரண்டு நிமிஷ அழுகை மிச்சம் இருக்கும்.

அன்றைக்கு அவள் குழாயைத் திறந்த நேரத்தில் லாரி மோதியது போல ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒலிபெருக்கியில் பெரிய போதகரின் குரல், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எந்த ராகமும் இல்லாமல், "ஐயோ அம்மா!" என்றது.

ஓடிவந்து பார்த்தால் மேடையைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்திலிருந்து எழும் தூசி, தூசிக்குள் ஆறு கால்கள். கால்கள் பெரிய போதகருக்கும், அவர் மகனான சின்ன போதகருக்கும், நிர்வாகம் பார்க்கும் மச்சினருக்கும் சொந்தமானவை. மூவருக்கும் உயிர் இருந்தது. ஆளுயரத்துக்கு விழுந்தும் பெரிய சேதம் இல்லை. பெரியவருக்குக் கணுக்கால் மட்டும் முறிந்தது. விழுந்த இடம் மெத்தென்று இருந்ததுதான் காரணம். அவர்கள் விழுந்தது கடித மூட்டைகளின் மேல்.

அந்த மூட்டைகளை அங்கே அனுப்பிவைத்ததே அக்காதான்.

ஜெபக்கூடத்து மாடியில் தபால் அறை என்று ஓர் அறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் பசைக் கிண்ணம், மைப்பெட்டி, ரப்பர் முத்திரை. தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் மின்விசிறி. காகிதம் பறக்காமல் இருக்க ஏழெட்டுக் கூழாங்கற்கள். "உங்கள் பாரத்தை எழுதி அனுப்புங்கள், ஒவ்வொரு கடிதத்தையும் கையில் ஏந்தி ஜெபிக்கிறோம்" என்று பெரிய போதகர் வாராவாரம் தொலைக்காட்சியில் சொல்வார். சனங்கள் எழுதித் தள்ளினார்கள்.

முதல் வருஷம் அக்கா ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்தாள். மத்தியானச் சாப்பாடு இறங்காது. பிறகு தபால் பெருகியது. மச்சினர் ஒருநாள் வந்து புதுமுறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். உறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தடித்திருந்தால் மேல்மாடிக்கு அனுப்ப வேண்டும். மெலிந்திருந்தால் பிரிக்கவே வேண்டாம். உறைமேல் உள்ள முகவரியைப் பார்த்து, அச்சடித்த பதில் ஒன்றை அனுப்பிவிட்டு, மூட்டையில் போட்டுவிடலாம்.

"மெலிஞ்ச கவர்ல என்னம்மா இருக்கப்போகுது? அழுகைதானே," என்றார் மச்சினர்.

பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். 'உங்கள் கண்ணீரைக் கண்டோம். மூன்று நாள் முழங்காலில் நின்று மன்றாடினோம். இனிக் கலங்க வேண்டாம்.' கீழே பெரிய போதகரின் கையெழுத்து, அதாவது அக்காவின் ரப்பர் முத்திரை. நாளைக்கு முந்நூறு குத்து. வலது கட்டைவிரல் நிரந்தரமாக ஊதா நிறத்துக்கு மாறிவிட்டது. கேட்கிறவர்களிடம், "நல்ல வார்த்தைதானே அனுப்பறோம், விஷமா அனுப்பறோம்?" என்பாள். கேட்டவர்கள் அதிகம் இல்லை. பெரும்பாலும் அவளே கேட்டு அவளே சொல்லிக்கொண்டதுதான்.

அப்புறம் மேடை விவகாரம். பெரிய போதகருக்கு உச்சக்கட்டத்தில் மூன்று முறை குதிக்கிற பழக்கம். குதித்தால் மரமேடை காலி டப்பா மாதிரி அதிரும். ஒலிபெருக்கி பார்க்கும் மைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தபால் அறைக்கு வந்தார்.

"அக்கா, அவர் குதிச்சா பரலோகமே கதவைச் சாத்திக்கும் போல இருக்கு. அடியில பஞ்சு கிஞ்சு ஏதாவது திணிச்சாத்தான் சத்தம் அடங்கும். உங்ககிட்ட பழைய துணி இருக்கா?"

"துணி எங்க இருக்கு? மூட்டைதான் கூரை வரைக்கும் இருக்கு. எடுத்துட்டுப் போங்க, எனக்கும் இடம் கிடைக்கும்."

பதினோரு வருஷ மூட்டைகள் மேடைக்கு அடியில் போய் அடைந்தன. சத்தம் நின்றது. அடுத்த வாரம் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

ஆனால் மேடைக்கு அடியில் மண்தரை. கூடத்தைக் கழுவிவிடும் தண்ணீர் அங்கேதான் போய்ச் சுவறும். ஈரமும் காகிதமும் சேர்ந்தால் யார் வருவார்கள் என்பதை மைக்காரரும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை. கரையான் வந்தது. அந்த உறைகளை அக்கறையோடு திறந்து, ஒரு வரி விடாமல் உள்ளே போனது அது ஒன்றுதான். படித்து முடித்த களைப்பில் பக்கத்தில் இருந்த மரச்சட்டங்களையும் தின்னத் தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய போதகர் அழுகையைப் பாதியில் நிறுத்திக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நான் பாறைமேல் நிற்கிறேன்!" என்று முழங்கிக் குதித்தார். இரண்டாவது குதிப்பு வரை தாங்கியது.

ஆண்டவர் மனம் வைத்திருந்தால் மின்னலை இறக்கியிருக்கலாம். இவர்களுக்கு அவ்வளவு பெரிய மரியாதை வேண்டாம் என்று நினைத்துவிட்டார் போல.

கூட்டம் பள்ளத்தைச் சுற்றி மொய்த்தது. போதகர்களைத் தூக்கிவிட முதலில் குனிந்தவர்களில் ஒரு தையற்காரி இருந்தாள். கையை நீட்டியவள், நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். பெரியவரின் தோளுக்கு அடியில் கிழிந்த மூட்டையிலிருந்து பழுப்புநிற உறை ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. துணி வெட்டும் மாதிரித் தாளை அளவாகக் கத்தரித்து ஒட்டிச் செய்த உறை. உலகத்தில் அப்படி ஓர் உறை ஒன்றுதான் இருக்க முடியும்.

"இது என்னோடது," என்றாள். "ஒட்டினது ஒட்டினபடி இருக்கு."

அடுத்து ஒருவர் தன்னுடையதைக் கண்டெடுத்தார். அப்புறம் இன்னொருவர். கை கொடுக்க வந்தவர்கள் எல்லாம் போதகர்களை நகர்த்தி நகர்த்தி அடியில் தேடத் தொடங்கினார்கள்.

"இதெல்லாம் ஜெபத்துல வச்சிருந்தோம்," என்று பெரிய போதகர் வலியோடு முனகினார்.

"எங்க வச்சு?"

"கீழ வச்சு... மேல நின்னு..."

அதற்குமேல் அவரைப் பேசவிடவில்லை. மச்சினர் மட்டும் ஒரு மூட்டைக்குப் பின்னால் மறைய முயன்றார், மூட்டை போதவில்லை. சாயங்காலத்துக்குள் காவல்துறை வந்து மேல்மாடியைத் திறந்தது. தடித்த உறைகளில் வந்த காணிக்கைப் பணம் என்ன ஆயிற்று என்பது எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. பெரியவர் மாவுக்கட்டோடும் மற்ற இருவர் வெறுங்காலோடும் வண்டியில் ஏற்றப்பட்டார்கள்.

பெண் ஆய்வாளர் முன்னால் அக்கா எதையும் மறைக்கவில்லை. கட்டைவிரலைக் காட்டினாள்.

"உங்க மேலயும் கேஸ் இருக்கும்மா," என்றார் ஆய்வாளர். "அது வரும்போது வரட்டும். இப்ப வாசல்ல நானூறு பேர் நின்னு என் கடிதத்தைக் குடுன்னு கத்தறாங்க. உங்களைத் தவிர யாருக்கும் இந்தக் குப்பையில தலை எது கால் எதுன்னு தெரியாது. வண்டி நிறுத்துற கொட்டகையில உட்கார்ந்து பிரிச்சுக் குடுங்க. வாங்கறவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க. அவங்க அவங்க கையெழுத்தா இருக்கட்டும்."

கேஸ் கிடக்கட்டும், அக்காவுக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒருநாளும் ஜெபக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆண்டவரை "உங்க முதலாளி" என்பார். போதகர் தொலைக்காட்சியில் அழுதால், "ரேடியேட்டர் ஒழுகுது பாரு," என்பார். மூன்று மாதமாக அவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, வெள்ளிக்கிழமை காலை அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். "வால்வு போனா மாத்தித்தானே ஆகணும், நான் எத்தனை வண்டிக்கு மாத்தியிருக்கேன்," என்று அவர் மருத்துவருக்கே பாடம் எடுத்தார்.

மேடை விழுவதற்கு மூன்று வாரம் முன்பு, அவருக்குத் தெரியாமல் அக்காவும் ஒரு கடிதம் எழுதினாள். ஒரே தாள், மெலிந்த உறை. மற்றவர்கள் போலத் தபால்பெட்டியில்தான் போட்டாள். குறுக்கு வழியில் போனால் பலிக்காது என்று ஒரு எண்ணம். மூன்றாம் நாள் அது அவள் மேசைக்கே வந்தது. கட்டைவிரல் அழுத்தியது, முகவரியைக் கை எழுதியது, முத்திரை விழுந்தது, உறை மூட்டைக்குள் போனது. பாட்டுக்குத் தாளம் போடுவது மாதிரி எல்லாம் தன்னால் நடந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த தபாலை வீட்டுக்காரர் பிரித்து உரக்கப் படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"இந்தா, உன் கண்ணீரைக் கண்டாங்களாம். மூணு நாள் முட்டி போட்டாங்களாம். பாவம், முட்டி என்ன ஆச்சோ," என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று தொடங்கியது இந்தச் சனி. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால், 'உங்கள் கண்ணீரைக் கண்டோம்' என்று உள்ளே யாரோ அச்சடிக்கிறார்கள். ஆண்டவரே என்று வாயைத் திறந்தால் தொண்டையில் ரப்பர் வாடை அடிக்கிறது. மேடை விழுந்த பிறகு அதற்குப் பின்னால் யாரும் இருப்பதாகவும் தோன்றவில்லை. அச்சு ஓய்ந்தால் வெறும் இருட்டு, அவ்வளவுதான்.

புதன்கிழமை பார்வை நேரத்தில் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கம்பெனியை இழுத்துப் பூட்டிட்டாங்களாமே."

"ஆமாங்க."

"முதலாளி என்ன சொல்றாரு?"

"அவரே இருக்காரா இல்லையான்னு தெரியலைங்க."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு கிண்டல் வைத்திருப்பார். வைக்கவில்லை. போர்வை நுனியைத் திருகினார்.

"இல்லை, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்குப் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை உள்ள போறதுக்கு முன்னாடி எனக்காக ஒரு வார்த்தை கேளேன். நான் கேட்டா அவருக்கு ஆளே அடையாளம் தெரியாது. நீயாவது பத்தொன்பது வருஷம் அந்தப் பக்கம் நடமாடினவ."

அக்கா மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை கொட்டகையில் கூட்டம் அம்மியது. தகரக்கூரை வெயிலில் கொதித்தது. அக்கா ஒவ்வொரு உறையாகக் கரையான் மண்ணைத் தட்டி, முகவரியைச் சத்தமாகப் படித்தாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தாள், திட்டவும் செய்தார்கள். ஆனால் உறையைப் பிரித்தவர்கள் பலரும் அங்கேயே நின்று படித்ததால் கொட்டகையில் வேறொன்றும் நடந்தது.

வழுக்கை விழுந்த ஓட்டுநர் ஒருவர் படித்துவிட்டு வியர்த்துப் போனார். "ஒன்பது வருஷம் முன்னாடி எங்க தெருப் பொண்ணு ஒருத்தியைக் கட்டிவைங்கன்னு எழுதியிருக்கேன்க்கா. அவ புருஷனை இப்பப் பார்க்கணுமே, பாவம், அவளைவிட நாய்கூட அவன்கிட்ட அன்பா நடந்துக்கும். இதை நீங்க பிரிக்காம விட்டதுக்கு உங்களுக்குக் கோயில் கட்டணும்." தலைமையாசிரியரை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்த வாத்தியார் இப்போது தானே தலைமையாசிரியர், உறையை அவசரமாகப் பைக்குள் திணித்தார். கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா, "பார்வை திரும்பணும்னு எழுதினேன், அந்த மாசமே திரும்பிடுச்சே! நன்றின்னு இன்னொண்ணும் போட்டேனே?" என்றாள்.

"அதுவும் இங்கதான் இருக்கும்மா."

"அப்ப என் கண்ணைத் திறந்தது யாரு?"

வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா அந்தக் கேள்வியை யாரோ பரிசு கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பின்னால் தையற்காரி நின்றாள். உறை அவளிடம் ஞாயிறே கிடைத்துவிட்டது. உறைக்காக வரவில்லை. நேராக அக்காவின் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீதானா அது?"

"நான்தான்."

"எம் பொண்ணுக்கு எட்டு வயசு. காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு. உன் பதில் வந்தப்ப அடக்கம் பண்ணிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். கலங்க வேண்டாம்னு போட்டிருந்தே."

அக்கா எழுந்து நின்றாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிடுன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு..."

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இன்னைக்கு மனசு இல்லை." தையற்காரி கையை விட்டாள். "நீ ஒண்ணு தப்பா நினைச்சிட்டே. நான் எழுதினது உனக்கா? அந்தக் குதிக்கிறவனுக்கா? ஆண்டவருக்கு எழுதினேன். கவரை ஒட்டறதுக்கு முன்னாடியே அவர் படிச்சிருப்பாரு. ஏன் குடுக்கலைன்னு அவர்கிட்ட ஆறு வருஷமா சண்டை. மிஷினை மிதிக்க ஆரம்பிச்சா திட்டவும் ஆரம்பிப்பேன். அவர் பேர்ல நான் சொல்லாத கெட்ட வார்த்தை இல்லை."

"பதில் சொல்றாரா?"

"வாயே திறக்கலை. ஆனா எந்திரிச்சும் போகலை. காலி அறையில திட்டறதுக்கும் ஆள் இருக்கிற அறையில திட்டறதுக்கும் வித்தியாசம் தெரியாதா நமக்கு? கட்டின புருஷனை எத்தனை வருஷம் திட்டியிருக்கோம்!" அவள் பழுப்பு உறையை ரவிக்கைக்குள் செருகினாள். "ஞாயித்துக்கிழமை அந்த மூணு பேரையும் குப்புறத் தள்ளி, என் கவரை என் கைக்கு எட்டற மாதிரி மேல தூக்கி வச்சாரு பாரு, அப்பத்தான் மனுஷனுக்கு என் ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சுது. சண்டை இன்னும் தீரலை. ஆனா அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டேன்."

போகும்போது திரும்பி, "உனக்கு வீட்ல யாருக்காவது முடியலையா? மூஞ்சி அப்படி இருக்கு," என்றாள்.

"அவருக்கு நாளைக்கு நெஞ்சுல ஆபரேஷன்."

"அப்ப இங்க உட்கார்ந்து என்ன பண்றே? போய்க் கேளு."

"கேக்க வரலை. வாயைத் திறந்தா அந்த அச்சடிச்சதுதான் வருது."

"வந்தா அதையும் சேர்த்துத் திட்டு," என்று சொல்லிவிட்டுத் தையற்காரி வெயிலில் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வீட்டுக்காரரைத் தள்ளுகட்டிலில் வைத்து லிஃப்ட் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பச்சை உடுப்பு, தலையில் பச்சைத் தொப்பி. அறுவை அரங்கு நாலாம் மாடியில். லிஃப்ட் வரத் தாமதமானது. பணியாளர் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டார். வீட்டுக்காரர் அக்காவின் விரலைப் பிடித்தார்.

அவள் கண்ணை மூடினாள். 'உங்கள் கண்ணீரை...' என்று தொடங்கியது. கண்ணைத் திறந்துவிட்டாள். லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. உங்களுக்கு வந்த தபாலைப் பிரிக்காம மூட்டை கட்டினவ நான்தான். தெரிஞ்சுதான் பண்ணேன். நீங்க மூணு பேரைத் தள்ளினீங்க, என்னையும் தள்ளியிருக்கணும். கழிவறையில இருந்தேன்னு விட்டுட்டீங்களா என்னன்னு தெரியலை."

பணியாளரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"எனக்கு என்ன குடுக்கணுமோ அதை எனக்குக் குடுங்க, வாங்கிக்கறேன். இவர் கணக்குல சேர்க்காதீங்க. இவர் உங்களைக் கிண்டல் பண்ணுவாரு, அது உண்மைதான்..."

"அதை ஏன் இப்பச் சொல்றே?" என்றார் வீட்டுக்காரர் படுத்தபடியே.

"சும்மா இருங்க. கிண்டல் பண்ணுவாரு, ஆனா உங்க பேரைச் சொல்லி ஒரு ஆளையும் ஏமாத்தினதில்லை. ஒரு வண்டிக்கு பிரேக் சரியில்லைன்னா அதை வெளிய விடமாட்டேன்னு மேலதிகாரிகிட்ட மல்லுக்கு நிப்பாரு. உங்க வீட்ல இருந்தவங்களைவிட இவர் யோக்கியம். எனக்கு இவர் வேணும். குறட்டையோட வேணும். நீங்க குடுக்காம போனாலும் நான் வந்து கேட்டுட்டேதான் இருப்பேன். அந்தத் தையற்காரியைக் கேளுங்க, நாங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு..."

லிஃப்ட் வந்தது. பணியாளர் கட்டிலை உள்ளே தள்ளி, காலால் கதவைத் தடுத்தபடி நின்றார்.

"அம்மா, சீக்கிரம் முடிங்க. மேல டாக்டர் காத்திருக்காரு."

"ஆண்டவரும் இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்காரு. ஒரு நிமிஷம் இருங்க."

"ஒரு நிமிஷம்கூட நிக்க முடியாதும்மா. கூட வர்றவங்களுக்கு இதுல இடமும் இல்லை."

வீட்டுக்காரர் தொப்பிக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தார். முகத்தில் பயம் போகவில்லை. ஆனால் உதட்டோரத்தில் பழைய ஆள் எட்டிப் பார்த்தார்.

"நிறுத்திடாதே. நல்லாத்தான் போயிட்டிருக்கு," என்றார்.

கதவு மூடிக்கொண்டது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். மிச்சத்தை ஏறிக்கொண்டே சொன்னாள். இறங்கி வந்த நர்ஸ் ஒருத்தி சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்றாள், பேச்சை விடவில்லை.